மழையில் நிற்காத சக்கரம்

அந்தக் காலத்து உயரமான கறுப்பு சைக்கிளில் ஐப்பசி மழையில் போனவர்களுக்கு இது தெரியும். பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் வண்டி தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் பல சுற்று சுற்றிய பிறகுதான் ஒரு கரகரப்புக் கேட்கும், பிறகு மெல்லப் பிடிப்பு வரும். அதுவரைக்கும் காலைத் தரையில் தேய்த்துத்தான் சமாளிக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒழுங்காக நிற்கிற வண்டிதான் அது. ஒரு தூறல் விழுந்ததும் அதற்கு என்ன ஆகிவிடுகிறது?

இதைக் கேட்காமலே பலர் பிரேக்கை மாற்றிவிடுகிறார்கள். கடைக்குப் போய்ப் புதிய லீவரும் கேபிள் பிரேக்கும் வாங்கி மாட்டுகிறார்கள். அடுத்த மழையில் வண்டி பழையபடியே ஓடுகிறது. பணம் போனது மட்டுமில்லை, வண்டியின் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள் பரணில் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த வண்டிகளுக்கு இன்னும் நெடுங்காலம் ஓடும் உடம்பு இருக்கிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து அங்கே கைவைத்தால் போதும்.

இந்த வண்டியின் வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது. நாட்டிங்ஹாமின் ராலே போன்ற நிறுவனங்கள் அதை உலகமெங்கும் அனுப்பின. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸும் 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் வந்தன. பெயர்கள் வேறானாலும் வார்ப்பு ஒன்றுதான்: 28 அங்குலச் சக்கரம், குரோம் பூசிய எஃகு ரிம், கம்பி பிரேக்.

கம்பி பிரேக்கை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதை ஒருமுறை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஹேண்டில்பாரின் அடியில் இருக்கும் லீவரை இழுத்தால் கம்பி மேலே ஏறுகிறது. டயரை இருபுறமும் அணைத்து நிற்கும் லாடம் போன்ற வளைவை அது தூக்குகிறது. வளைவின் இரு முனைகளிலும் உள்ள பிரேக் கட்டைகள், ஸ்போக்ஸ் கம்பிகள் நுழையும் பக்கமாக, ரிம்மின் உள்முகத்தில் போய் அழுந்துகின்றன. துருப்பிடித்து இறுகும் கேபிள் இதில் இல்லை. சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோணிப் போனாலும் கட்டைகள் உரசாது. ஒரு ஸ்பேனரும் ஒரு சொட்டு எண்ணெயும் இருந்தால் எந்தக் கிராமத்திலும் சரிசெய்துவிடலாம். மேடுபள்ளமான சாலைகளுக்காக யோசித்துச் செய்த கருவி அது. குறைகளும் உண்டு. கம்பிகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் காலப்போக்கில் ஆட்டம் சேர்கிறது. பல மூட்டுகளின் சிறு ஆட்டங்கள் ஒன்றுசேர்ந்து லீவரின் பாதிப் பயணத்தை விழுங்கிவிடுகின்றன. ஆனால் மழையில் வண்டி நிற்காததற்கு இது காரணமில்லை.

பிரேக் செய்யும் வேலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். இந்த 90 கிலோவுக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,390 ஜூல். அதே 90 கிலோவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. வண்டி நிற்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். உராய்வு அதை வெப்பமாக்கி ரிம்மில் இறக்குகிறது. ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிம் அத்தனையையும் தானே வாங்கிக்கொண்டாலும் அதன் சூடு 3 டிகிரிதான் ஏறும். ஊருக்குள் ஓட்டும்போது வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. மலைச்சாலைக் கதை வேறு, அதற்குப் பிறகு வருவோம்.

இனி விசை போகும் வழியைப் பின்தொடர்வோம். விரல்கள் லீவரை இழுக்கின்றன, லீவர் கம்பியை, கம்பி கட்டையை. கட்டை ரிம்மைப் பிடிக்கிறது, ரிம் ஸ்போக்ஸ் வழியாகச் சக்கரத்தை, டயர் சாலையை. இந்த வரிசையில் எந்தக் கண்ணி மிகப் பலவீனமோ அதன் அளவுக்குத்தான் வண்டி நிற்கும். மற்ற கண்ணிகளில் எத்தனை பலம் சேர்த்தாலும் பயனில்லை. ஈரத் தார்ச்சாலையில்கூட நல்ல டயருக்குப் பிடிப்பின் பெரும்பகுதி மிஞ்சுகிறது. விரல்களின் பலமும் மழைக்காகக் குறைவதில்லை. மழையில் அடியோடு தோற்பது ஒரே ஓர் இடம்தான்: கட்டையும் ரிம்மும் தொடும் அந்தச் சில சதுர சென்டிமீட்டர்.

குரோம் பூச்சு கண்ணாடிபோல வழவழப்பானது. அதன்மேல் படியும் நீர், மெல்லிய படலமாக ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கிறது. அந்தப் படலம் வழிந்தோட மேற்பரப்பில் மேடுபள்ளம் இல்லை. ரப்பர் உலோகத்தைத் தொடாமல் நீரின்மேல் வழுக்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்சனும் ஃபிராங்க் விட்டும் எழுதி 1974-இல் வெளிவந்த நூல், சைக்கிள் இயற்பியலில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் நூல். எஃகு ரிம்மில் சாதாரணக் கட்டையின் உராய்வு ஈரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடுவதை வில்சன் எடுத்துக்காட்டினார். இதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். உலர்ந்த நாளில் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.3 பங்கு வேகத்தணிவு கிடைத்தால், 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஐந்தேகால் மீட்டரில் நிற்கும். உராய்வு பத்தில் ஒன்றாகவே இருந்துவிட்டால் அதே வண்டிக்கு 50 மீட்டருக்கு மேல் தேவை. நல்லவேளையாக, கட்டை சுற்றுக்குச் சுற்று நீரைத் துடைத்துக்கொண்டே வருகிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போய்விடுகிறது. பத்துச் சுற்றில் துடைத்து முடித்தால்கூட வண்டி 22 மீட்டர் தாண்டியிருக்கும். கொட்டும் மழையில் துடைத்த இடம் அடுத்த சுற்றுக்குள் மறுபடியும் நனைந்துவிடும்.

அலுமினிய ரிம்மில் இந்த வீழ்ச்சி மிகவும் குறைவு. அலுமினியம் மென்மையானது. கட்டை தேயத் தேய ரிம்மின் முகம் நுண்ணிய கீறல்களால் சொரசொரப்பாகிறது, நீருக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. ரப்பர் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே பழைய சைக்கிளின் பிரேக்கை மேம்படுத்துவது என்றால் முதலில் ரிம்மைப் பற்றி யோசிக்க வேண்டும். லீவர் கடைசியில்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழும் பொறி. கம்பி பிரேக் வண்டியின் ரிம் வெஸ்ட்வுட் எனப்படும் வகை. அதன் பக்கங்கள் உருண்டையானவை. இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக்கை இதற்கு மாட்டினால் கட்டைக்கு அழுந்தத் தட்டையான சுவரே கிடையாது. ரிம்மை மாற்றாமல் கேலிப்பரை மட்டும் மாற்றுவது, ஓடிக்கொண்டிருந்த பிரேக்கைக் கழற்றிவிட்டு அதைவிட மோசமானதை வைப்பதாகும்.

ரிம்மை மாற்றுவதும் ஒரே அடியில் முடியும் காரியமில்லை. பழைய 28 அங்குல டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று எளிதில் கிடைக்கும் 700சி அலுமினிய ரிம்மில் அது 622. சக்கரம் சட்டத்துக்குள் தாராளமாக நுழையும். ஆனால் ரிம்மின் முகம் 6.5 மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது, கட்டை அந்த அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். அடுத்தது துளைக் கணக்கு. பிரிட்டிஷ் வழக்கப்படி இந்த வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்தில் 40. 32 துளை ரிம் எங்கும் கிடைக்கும். 40 துளை அலுமினிய ரிம்மைத் தேடி அலைய வேண்டும், இல்லையென்றால் பின் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தக் கணக்கே ஒரு வழியைக் காட்டிவிடுகிறது: முன்சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள். பின்னால் கம்பி பிரேக் அப்படியே இருக்கட்டும்.

முன்சக்கரமா என்று பதறுபவர்கள் உண்டு. முன் பிரேக் பிடித்தால் குட்டிக்கரணம் அடிப்போம் என்று சிறுவயதில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் எடைமையம் தரையிலிருந்து சுமார் 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குச் சுமார் 65 சென்டிமீட்டர் பின்னால். வேகம் தணியும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. 65-ஐ 115-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.57. வேகத்தணிவு புவியீர்ப்பின் 0.57 பங்கை எட்டும்போதுதான் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். உலர்ந்த சாலையில், அலுமினிய ரிம்மில், நல்ல பிரேக்கோடு இது நடக்கக்கூடியதே. பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால், பாரம் முன்னால் போகப் போகப் பின் டயர் லேசாகி வழுக்கத் தொடங்கும். அதனால் கிடைக்கக்கூடிய உச்சம் 0.25 பங்குதான். 20 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக் மட்டும் என்றால் ஆறேகால் மீட்டர். இரண்டையும் சேர்த்துப் பிடித்து 0.5 பங்கை எட்டினால் மூன்றே கால் மீட்டருக்குள். பேருந்துக்கு முன்னால் ஒரு குழந்தை ஓடிவரும் தெருவில் அந்த மூன்று மீட்டர்தான் எல்லாம். முன் பிரேக்கைப் பயந்து ஒதுக்குவதைவிட, அதை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தப் பழகுவதே பாதுகாப்பு.

கேரியரில் பாரம் ஏற்றினால் கணக்கு மாறும். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அது பின்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தால் எடைமையம் பின்னால் நகர்கிறது, குட்டிக்கரண பயம் குறைகிறது, பின் பிரேக்குக்கு வலு கூடுகிறது. ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

சரி, முன்னால் அலுமினிய ரிம், கேலிப்பர் பிரேக் என்று முடிவாகிவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் தலையில் கேலிப்பரின் நடுப்போல்ட்டு நுழையத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளையிலிருந்து ரிம்மின் முகம் வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மட்கார்டுக்கு இவ்வளவு இடம் விட்ட வண்டிகளில் இந்தத் தூரம் அதிகம். நீளக் கைகள் உள்ள கேலிப்பர்தான் எட்டும். கை நீளும்போது இரண்டு இழப்புகள். நெம்புகோல் விகிதம் குறைகிறது, கைகள் வளைந்து கொடுக்கின்றன. அழுத்தமான, தடித்த கைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நெம்புகோல் விகிதம் என்றதும் எல்லோருக்கும் அதிகமாக வேண்டும் என்று தோன்றும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை 10 மடங்கானால் விரல் நகரும் தூரமும் 10 மடங்காகும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் லீவர் நுனி 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். சக்கரத்தில் கோட்டம் இருந்து, உரசாமல் இருக்க இடைவெளியை 4 ஆக்கினால், 40 மில்லிமீட்டர். கேபிள் இழுபடுவதையும் கைகள் வளைவதையும் சேர்த்தால் லீவர் ஹேண்டில்பாரில் போய் முட்டிவிடும். பலமான பிரேக் வேண்டுமென்றால் முதலில் சக்கரத்தின் கோட்டம் எடுக்க வேண்டும். சைக்கிள் கடை அண்ணன் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிப்பிளைக் கால் திருப்பு திருப்புகிறாரே, அந்த வேலைதான் பிரேக்கின் அடித்தளம்.

லீவரும் பிரேக்கும் ஒரே குடும்பமாக இருப்பது முக்கியம். 1990-களின் நடுவில் ஷிமானோ பரப்பிய வி-பிரேக்கின் நெம்புகோல் விகிதம் பழைய பிரேக்குகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் அதன் லீவரும் இரு மடங்கு கேபிளை இழுக்கும்படி செய்யப்பட்டது. வி-பிரேக் லீவரைச் சாதாரணக் கேலிப்பரோடு இணைத்தால் பிடிக்கும்போது கல்போல உறுதியாகத் தெரியும், வண்டி நிற்காது. கையில் தெரியும் உறுதி ஏமாற்றும்.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை கோரிய அந்த உறைக்குள் ஓடும் கம்பி இல்லாமல் இன்றைய சைக்கிளே இல்லை. ஆனால் உறை வளையும் ஒவ்வொரு இடத்திலும் கம்பி சுவரில் உரசி விசையை இழக்கிறது. துறைமுகத்தில் முளையைச் சுற்றிய கயிறு கப்பலையே பிடித்து நிறுத்துவது எந்த விதியாலோ, அதே விதிதான் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. வளைவுகளின் மொத்தம் 180 டிகிரி, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், விரல் தந்த இழுப்பில் 53 சதவீதம்தான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள உறை போட்டு உராய்வைப் பாதியாக்கினால் 73 சதவீதம் சேரும். கேபிள் பிரேக் உள்ள வண்டியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது புதிய கம்பியும் பூச்சுள்ள உறையும்தான்.

மழைக்கு இன்னொரு விடை இருக்கிறது. பிரேக்கை ரிம்மிலிருந்து எடுத்து, நீர் புகாத ஹப்புக்குள் வைத்துவிடுவது. நாட்டிங்ஹாமில் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் பெயரில் 70, 90 மில்லிமீட்டர் டிரம் பிரேக் ஹப்புகள் இன்றும் செய்யப்படுகின்றன. ரிம் எஃகாகவே இருக்கலாம், சேறாகவே இருக்கலாம், பிரேக்குக்குக் கவலையில்லை. ஆனால் சிறிய வட்டத்தில் பிடிப்பதற்குப் பெரிய விசை வேண்டும். நம் 90 கிலோவை 0.3 பங்கு வேகத்தணிவில் முன்சக்கரம் மட்டும் நிறுத்த, டயரில் 265 நியூட்டன் தேவை. ரிம்மில் பிடித்தால் சுமார் 300 நியூட்டன் உராய்வு போதும். 90 மில்லிமீட்டர் டிரம்மில் அதே வேலைக்கு 2,000 நியூட்டனைத் தாண்ட வேண்டும், ஏறக்குறைய ஏழு மடங்கு. டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களில் ஒன்று சுழற்சியாலேயே உள்ளிழுக்கப்பட்டுத் தானாக இறுகுவதால்தான் மனிதக் கைக்கு இது சாத்தியமாகிறது. இந்தத் திருகுவிசை முழுவதும் ஸ்போக்ஸ் வழியாகப் போகிறது. ஆகவே ஸ்போக்ஸ் குறுக்காகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். அந்தத் திருகுவிசை முடியும் இடம் போர்க்கின் இடது கால். அங்கே பிரேக்கின் தாங்குகை பட்டையால் கட்டப்படுகிறது. துருவேறிய, ஒருமுறை வளைந்து நிமிர்த்திய போர்க்கில் இதைச் செய்யக் கூடாது. டிஸ்க் பிரேக்குக்காகப் பழைய மெல்லிய குழாயில் வெல்டிங் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹப்புக்குள் வைத்த பிரேக்கின் பகை வெப்பம். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறங்கிப் போட்டியிட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் அவற்றில் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதையில் சுமார் 400 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால் ஏறக்குறைய நான்கு லட்சம் ஜூல், ஐந்தே நிமிடத்தில். நொடிக்கு 1,300 ஜூல். காற்றும் தரையும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சத்தை ஒரு சிறு ஹப் தாங்க வேண்டும். உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போனது. ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. அவர்கள் அந்தப் பழைய வண்டிகளுக்கு டிரம் பிரேக்கும் மோட்டார் சைக்கிள் லீவரும் மாட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் தானே சட்டம் செய்தபோது ரிம்மைப் பிடிக்கும் கேண்டிலீவர் பிரேக்கை வைத்தார். காற்றில் சுழலும் பெரிய ரிம் வெப்பத்தை எளிதில் உதறிவிடும். மலை சைக்கிள் என்று இன்று நாம் அழைப்பது பழைய வண்டியின் பிரேக்கோடு நடந்த இந்தப் போராட்டத்தில்தான் உருவெடுத்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நினைப்பவர் ஊருக்குள் போதுமான டிரம் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது.

என் தேர்வு இது. தஞ்சைபோன்ற சமவெளியில், மழையில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு முன்னால் டிரம் ஹப். கேரியரில் பாரமில்லாமல் நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு முன்னால் அலுமினிய ரிம்மும் நீளக்கைக் கேலிப்பரும். இரண்டுக்கும் பணமில்லை என்றால் கம்பி பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்த மூட்டுகளை மாற்றி, புதிய கட்டை போடுங்கள். வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் இறுகி மரத்துப்போகிறது. பார்க்கத் தடிமனாக இருந்தாலும் பிடிக்காது. எஃகு ரிம்முக்கென்றே தோல் பதித்த கட்டைகள் செய்யப்பட்டன. தோல் நீரை உறிஞ்சிப் படலத்தைக் கலைக்கும். அவற்றை அலுமினிய ரிம்மில் மட்டும் போட வேண்டாம், தோலில் பதியும் மணல் ரிம்மை அரித்துவிடும்.

வேலை முடிந்ததும் தெருவுக்குப் போகும் முன் வண்டியின் பக்கத்தில் நடந்து சோதியுங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் எழும்ப வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை ரிம்மைச் சுற்றி ஊற்றிவிட்டு மறுபடியும் தள்ளிப் பாருங்கள். கட்டை கீச்சிட்டால் அது பிடித்துப் பிடித்து விடுகிறது என்று பொருள். சக்கரம் சுழலும் திசையில் கட்டையின் முன்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி சாய்த்தால் சத்தம் அடங்கும். புதிய கேபிள் முதல் சில நாட்களில் உறைக்குள் படிந்து சற்றுத் தளரும், கட்டையும் ரிம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்தும். லீவரில் உள்ள திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று அவ்வப்போது வெளிப்பக்கம் திருப்பிக் கேபிளை இறுக்கிக்கொண்டே வாருங்கள். முதல் வாரம் கடந்த பிறகு எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.